துயரத்தில் இருப்பவருக்குப் பாஸ்கா திருவிழிப்பு: ஒரு மதிப்புரை

வீட்டில் ஒருவரை இழந்த ஆண்டில் உயிர்ப்புப் பெருவிழா நெருங்கும்போது, ஆலயத்துக்குப் போவதா வேண்டாமா என்ற தயக்கம் ஆழ்ந்த நம்பிக்கை உள்ளவர்களுக்கும் வருகிறது. கூடியிருக்கும் எல்லாரும் வெற்றிப் பாடல் பாடும்போது நாம் மட்டும் தொண்டை அடைத்து நிற்க வேண்டியிருக்குமே என்ற அச்சம் ஒருபுறம். போகாமல் இருந்துவிட்டால், இறந்தவரைக் குறித்து நமக்கு இருக்கும் ஒரே ஆறுதலையும் நாமே தள்ளிவிட்டது போல் ஆகிவிடுமோ என்ற உறுத்தல் மறுபுறம். என் அக்காவை இழந்த ஆண்டில் நான் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றேன். அந்த ஆண்டும் பின்வந்த ஆண்டுகளிலும் புனித வார வழிபாடுகளில் பங்கெடுத்திருக்கிறேன். துயரத்தில் இருக்கும் ஒருவருக்கு அவற்றுள் எது எந்த அளவுக்குத் துணை நிற்கும், எது எந்த இடத்தில் கைவிட்டுவிடும் என்று எழுதி வைத்தால் இன்னொருவருக்கு உதவும் என்று நம்புகிறேன். எந்தப் பங்கையும் எந்த அருள்பணியாளரையும் எடைபோடுவது என் நோக்கம் அல்ல. உரோமைக் கத்தோலிக்கத் திருஅவை எல்லா இடங்களுக்கும் பொதுவாக வகுத்துத் தந்திருக்கும் வழிபாட்டு முறையையே மதிப்பிட எடுத்துக்கொள்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு வழிபாட்டுக்குத்தான் போக உடம்பிலும் மனத்திலும் தெம்பு இருக்கிறது என்றால், ஞாயிறு காலைத் திருப்பலியை விட்டுவிட்டு, சனிக்கிழமை இரவின் பாஸ்கா திருவிழிப்புக்குப் போங்கள். அது நீளமானது, சோர்வு தரக்கூடியது, சில இடங்களில் துயரத்தில் இருப்பவரைக் குத்தவும் கூடியது. ஆனாலும் அந்த நாள்களின் கொண்டாட்ட வழிபாடுகளுள், துயரப்படுகிறவர் நிற்கும் இடத்திலிருந்தே தொடங்குவது அது ஒன்றுதான்.

தொடக்கம் இருளில் நடக்கிறது. பொழுது சாய்ந்து இருட்டிய பிறகுதான் திருவிழிப்பைத் தொடங்க வேண்டும், ஞாயிறு விடிவதற்குள் முடிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. இது எப்போதும் இப்படி இருந்ததில்லை. பல நூற்றாண்டுகளாக இந்த வழிபாடு சனிக்கிழமை காலையிலேயே, வெயில் வெளிச்சத்தில், பெரும்பாலும் ஆளில்லாத ஆலயங்களில் நடந்துகொண்டிருந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951-இல் அதைச் சோதனை முறையில் இரவுக்கு மாற்ற அனுமதித்து, 1955-இல் புனித வாரம் முழுவதையும் சீரமைத்தபோது இரவு வழிபாடாகவே நிலைநிறுத்தினார். வழிபாட்டு வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்கு மட்டும் உரிய செய்தியாக இது தோன்றலாம். உறக்கம் வராத இரவுகளைக் கடந்து வந்தவருக்கோ இந்த மாற்றத்தின் மதிப்பு உடனே விளங்கும். பட்டப்பகலில் ஏற்றிய விளக்கு யாருக்கும் எதையும் காட்டாது. விளக்குகள் எல்லாம் அணைந்து, பக்கத்தில் நிற்பவரின் முகம்கூடத் தெரியாத நேரத்தில், ஆலயத்துக்கு வெளியே மூட்டிய நெருப்பிலிருந்து ஒரே ஒரு சுடர் உள்ளே வருவதைப் பார்ப்பது வேறு. அந்த இருட்டில் உங்கள் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்பதும் ஒரு பெரிய உதவி. அழுதால் அழலாம், பாடாமல் நின்றால் யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

நெருப்பின் அருகில் நிற்க இடம் கிடைத்தால் அங்கேயே நில்லுங்கள் என்று சொல்வேன், ஏனெனில் பாஸ்கா திரி என்னும் பெரிய மெழுகுவர்த்தியை ஆயத்தப்படுத்தும் சடங்கு பின்னால் நிற்பவர்களுக்குத் தெரிவதில்லை. அருள்பணியாளர் திரியில் சிலுவையைக் கீறுகிறார்; மேலே அகரமும் கீழே னகரமும் போல, கிரேக்க மொழியின் முதல் எழுத்தும் இறுதி எழுத்தும்; சிலுவையின் நான்கு மூலைகளில் நடப்பு ஆண்டின் நான்கு இலக்கங்கள். அதன் பிறகு, கிறிஸ்துவின் ஐந்து காயங்களைக் குறிக்கும் ஐந்து சாம்பிராணி மணிகள் ஒவ்வொன்றாகச் சிலுவையில் பதிக்கப்படுகின்றன. அந்த ஆண்டில் நான் அந்த நான்கு இலக்கங்களை நெருப்பு வெளிச்சத்தில் படித்தேன். அக்காவின் கல்லறைக் கல்லில் பொறிக்க நாங்கள் எழுதிக் கொடுத்திருந்தவையும் அதே நான்கு இலக்கங்கள்தான். காலமும் எல்லா யுகங்களும் கிறிஸ்துவுடையவை என்று சொல்லிக்கொண்டே அருள்பணியாளர் அந்த எண்களைக் கீறும்போது, எனக்கு வெறுப்பாகிப்போயிருந்த அந்த ஆண்டும் அவருடையதுதான் என்று ஒருவர் என் முன்னால் அறிக்கையிடுவதாக எனக்குப் பட்டது. மறையுரை எதுவும் அதுவரை தொடங்கியிருக்கவில்லை.

இந்தத் திரியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் பலருக்கும் இது தெரிவதில்லை. திருவிழிப்பில் ஏற்றப்படும் இதே திரி, தூய ஆவியார் பெருவிழாவான பெந்தக்கோஸ்து வரையிலான ஐம்பது நாள்களும் வழிபாடுகளில் எரிகிறது. பிறகு திருமுழுக்குத் தொட்டியின் அருகே வைக்கப்படுகிறது. திருமுழுக்குப் பெறுகிறவரின் மெழுகுவர்த்தி இதிலிருந்துதான் ஏற்றப்படுகிறது. அந்த ஆண்டு முழுவதும் நடக்கும் அடக்கத் திருப்பலிகளில் சவப்பெட்டியின் அருகில் நிறுத்தி ஏற்றப்படுவதும் இதுதான். அடக்கத் திருப்பலியின் சடங்குகளை நினைத்துப் பாருங்கள்: பெட்டியின் மேல் புனித நீர் தெளிப்பது திருமுழுக்கை நினைவூட்ட, பல இடங்களில் பெட்டியின் மேல் விரிக்கும் வெள்ளைத் துணி திருமுழுக்கின் வெண்ணிற ஆடையை நினைவூட்ட, அருகில் பாஸ்கா திரி. அப்படியானால், துயரத்தோடு திருவிழிப்புக்கு வருகிறவர் அன்னியமான ஒரு விழாவுக்குள் நுழையவில்லை. அடக்க நாளில் கண்ணீருக்கு நடுவில் பார்த்தும் பார்க்காமலும் விட்டவற்றை, இப்போது அவை பிறந்த இடத்திலேயே மறுபடி பார்க்கிறார். அக்காவின் பெட்டியருகே நின்றது முந்தைய ஆண்டின் திரி. அன்று அதன் பக்கம் என் கண் போகவே இல்லை. புதிய திரி இருட்டுக்குள் நுழைவதைப் பார்த்தபோதுதான் பழையது அங்கே ஏன் நின்றது என்று எனக்குப் புரிந்தது. இந்த ஒரு காரணத்துக்காகவே, அண்மையில் ஒருவரை அடக்கம் செய்தவர்கள் இந்த வழிபாட்டைத் தவறவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

‘கிறிஸ்துவின் ஒளி’ என்ற முழக்கம் மூன்று முறை எழுகிறது. பின்னாலிருந்தோ முன்னாலிருந்தோ ஒருவர் தம் மெழுகுவர்த்தியைச் சாய்த்து உங்களுடையதைப் பற்றவைக்கிறார். மெழுகுவர்த்தியைச் சுற்றிய காகித வளையத்தைத் தாண்டி ஒரு சொட்டு மெழுகு விரலில் விழும், சுடும், உடனே இறுகிவிடும். அறிமுகம் இல்லாத ஒருவரிடமிருந்து ஒளியைப் பெற்று, அதே போல் இன்னொருவருக்குக் கொடுத்தாக வேண்டிய அந்தச் சில நொடிகளில், தனித்து ஒதுங்கிப்போயிருக்கும் துயரம் யாரோ ஒருவரின் முகத்தை ஏறெடுத்துப் பார்த்துவிடுகிறது. நலம் விசாரிப்பு இல்லை, அறிவுரை இல்லை. அதன் பின் பாடப்படும் பாஸ்கா புகழுரை அழகானது. நன்றாகப் பாடத் தெரிந்தவர் பாடினால் அந்த இரவின் சிகரமே அதுதான். இல்லையென்றால் நீளமாகத் தோன்றும். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

இனி வாசகங்கள். இங்கேதான் வழிபாட்டின் மிகப் பெரிய நிறையும், அதை நடத்துகிறவர்களிடம் நான் கண்ட மிகப் பெரிய குறையும் இருக்கின்றன. பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு, புதிய ஏற்பாட்டிலிருந்து திருமுகமும் நற்செய்தியும் என்று மொத்தம் ஒன்பது வாசகங்கள். அருள்பணிக் காரணங்களுக்காகப் பழைய ஏற்பாட்டு வாசகங்களைக் குறைத்துக்கொள்ளலாம். செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயண வாசகத்தை மட்டும் ஒருபோதும் விடக் கூடாது. பெரும்பாலான இடங்களில் இந்தச் சலுகை வழக்கமாகவே ஆகிவிட்டதால், படைப்பு, ஆபிரகாம், செங்கடல் ஆகியவற்றோடு இறைவாக்கினர் ஒருவரை வைத்து முடித்துவிடுகிறார்கள். அப்படி வெட்டும்போது அடிக்கடி விழுந்துபோவது நான்காம் வாசகம், எசாயா 54. துயருற்றவளே, சூறைக்காற்றில் அலைக்கழிக்கப்பட்டவளே, ஆறுதல் இல்லாதவளே என்று கடவுள் நேராகக் கூப்பிட்டுப் பேசும் பகுதி அது. மலைகள் பெயர்ந்தாலும் என் அன்பு உன்னை விட்டுப் பெயராது என்று சொல்லும் பகுதி. அதற்குப் பதிலுரையாக வரும் திருப்பாடல் 30, மாலையில் அழுகை வந்தாலும் காலையில் ஆர்ப்பரிப்பு உண்டு என்று பாடுகிறது. ஒன்பது வாசகங்களில் துயரத்தில் இருப்பவரைப் பெயர் சொல்லாத குறையாக அழைப்பது இது ஒன்றுதான். நேரம் மிச்சப்படுத்த இதை எடுத்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அந்த ஆண்டில் தம் பங்கில் எத்தனை குடும்பங்கள் இழவு கண்டன என்பதைப் பங்குத்தந்தையர் நினைவில் வைத்து வாசகங்களைத் தேர்ந்தெடுத்தால், எசாயா 54 எங்கும் விடுபடாது. முன்கூட்டியே போய்க் கேட்டுக்கொள்வதில் தவறில்லை. இந்த வேண்டுகோளை மறுக்கும் அருள்பணியாளர் அரிதாகவே இருப்பார்.

எச்சரிக்கை ஒன்றும் அவசியம். இரண்டாம் வாசகம், ஆபிரகாம் தம் மகன் ஈசாக்கைப் பலியிட மலைக்குக் கூட்டிப்போகும் கதை. பிள்ளையை இழந்த பெற்றோருக்கு அதைக் கேட்பது பெரும் வேதனை. ஈசாக்கு உயிரோடு திரும்பி வருகிறான். தங்கள் பிள்ளை வரவில்லை. இந்த வேறுபாட்டை எந்த மறையுரையும் எளிதில் தாண்டிவிட முடியாது. அப்படிப்பட்ட ஒருவரை நீங்கள் அழைத்துப் போவதானால், அந்த வாசகம் வரப்போகிறது என்று முன்பே சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் வெளியே போய் நின்றுவிட்டு வருவது எந்த வகையிலும் நம்பிக்கைக் குறைவு ஆகாது.

திருப்பீடத்து மெழுகுவர்த்திகள் வானவர் கீதம் வரை ஏற்றப்படுவதில்லை. பிறகு மணிகள் முழங்குகின்றன. இது பலருக்கு உடைந்துபோகும் இடம். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. அதை அடுத்து உரோமையர் 6 வாசிக்கப்படுகிறது: திருமுழுக்கினால் நாம் கிறிஸ்துவோடு அடக்கம் செய்யப்பட்டோம் என்று பவுல் எழுதுகிறார். அடக்கம் என்ற சொல்லைச் சில வாரங்களுக்கு முன்புதான் வீட்டில் ஒவ்வோர் ஏற்பாட்டுக்கும் நடுவில் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, அதே சொல் இங்கே கிறிஸ்துவின் பெயரோடு சேர்ந்து வருவதைக் கேட்பது பேராறுதல். அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்துக்குத்தான் நம் வீட்டாரும் போயிருக்கிறார். அவர் எழுந்தார் என்பதில்தான் நம் வீட்டாரைப் பற்றிய எதிர்நோக்கும் இருக்கிறது. திருநீற்றுப் புதனிலிருந்து வாய்மூடி இருந்த அல்லேலூயா அதன் பின்பே எழுகிறது. மூன்று முறை, ஒவ்வொரு முறையும் குரலைச் சற்று உயர்த்தி. அதைப் பாட முடியாதவர்கள் பாட வேண்டியதில்லை. சுற்றி நிற்பவர்கள் உங்களுக்கும் சேர்த்துப் பாடுகிறார்கள். கூடி வழிபடுவதன் பொருளும் அதுவே.

நற்செய்தி மூன்று ஆண்டுச் சுழற்சியில் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, அந்த மாற்றம் துயரத்தில் இருப்பவருக்கு முக்கியமானது. முதல் ஆண்டில் மத்தேயு: கல்லறையை விட்டுப் புறப்பட்ட பெண்கள் அச்சத்தோடும் பெருமகிழ்ச்சியோடும் ஓடினார்கள் என்று அவர் எழுதுகிறார். இரண்டும் ஒரே நெஞ்சில், ஒரே நேரத்தில் இருக்கலாம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. மூன்றாம் ஆண்டில் லூக்கா: பெண்கள் கொண்டுவந்த செய்தி திருத்தூதர்களுக்கே வெறும் பிதற்றலாகத் தோன்றியது, நம்ப முடியாமல் நிற்பவருக்கு அங்கே நல்ல துணை உண்டு. இரண்டாம் ஆண்டில் மாற்கு. கல்லை நமக்கு யார் புரட்டித் தருவார் என்று பேசிக்கொண்டே நடக்கும் பெண்களை மாற்கு காட்டுகிறார். சாவு நடந்த வீட்டில் மனம் எப்படி இயங்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெருந்துயரத்துக்கு நடுவில் நாமும் பந்தலையும் வண்டியையும் பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தோம்? ஆனால் திருவிழிப்பில் மாற்கு 16-ஆம் அதிகாரம் ஏழாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பெண்கள் நடுக்கமுற்று ஓடினார்கள், அச்சத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்று கூறும் எட்டாம் வசனம் வாசிக்கப்படுவதில்லை. வாசகத்தை ஒழுங்கு செய்தவர்களுக்கு விழா இரவு அச்சத்தில் முடிய வேண்டாம் என்ற எண்ணம் இருந்திருக்கலாம். என்னைக் கேட்டால், துயரத்தில் வாயடைத்துப்போனவர்களும் உயிர்ப்பின் முதல் சாட்சிகளுக்குள் இருக்கிறார்கள் என்பதற்கு விவிலியம் தரும் உறுதி அந்த வசனம்தான். மாற்கு ஆண்டில் போகிறவர்கள் வீட்டுக்கு வந்து அதைத் தாங்களே திறந்து படித்துவிடுங்கள்.

திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்தல், நீர் தெளித்தல், நற்கருணை ஆகியவற்றைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் நற்கருணை மன்றாட்டில் இறந்தோரை நினைவுகூரும் பகுதி சட்டென்று கடந்துவிடும். அதற்காகக் காத்திருந்து, உங்களுடையவரின் பெயரை அங்கே மனத்துக்குள் சொல்லுங்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முழு வாசகங்களோடு நடந்தால் மூன்று மணி நேரத்தை எட்டும். இழப்பின் முதல் மாதங்களில் உடம்பு அவ்வளவு நேரம் தாங்காது. ஒலிபெருக்கியின் அளவைக் குறைக்க யாரும் முன்வருவதில்லை. இருளும் மௌனமும் பேச வேண்டிய இரவில் அது பெரிய இழப்பு. மறையுரைகளில் நான் மிகவும் வருந்துவது, அழ வேண்டாம், அவர் விண்ணகத்தில் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்ற அவசர ஆறுதலைத்தான். நற்செய்தியில் உயிர்த்த ஆண்டவர் மகதலா மரியாவிடம் ‘ஏனம்மா அழுகிறாய்?’ என்று கேட்கிறாரே தவிர, அழாதே என்று சொல்லவில்லை. இறந்துபோன நண்பர் இலாசரை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் அவர் கண்ணீர் விட்டார். பவுலும் தெசலோனிக்கருக்கு எழுதும்போது எதிர்நோக்கு இல்லாதவர்களைப்போல் துயருற வேண்டாம் என்கிறார். துயரமே கூடாது என்று அவர் எங்கும் எழுதவில்லை. சாவைக் கடைசிப் பகைவன் என்று அழைத்தவரும் அவர்தான். பகைவனால் காயப்பட்டவர் வலிக்கிறது என்று சொல்வதில் என்ன அவிசுவாசம் இருக்கிறது? இவற்றை எல்லாம் அறிந்தவர்களே ஒலிவாங்கியின் முன் நின்றதும் ஏன் அவசரப்படுகிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

புனித வெள்ளி வழிபாட்டைச் சிலர் துயரத்தில் இருப்பவருக்கு மிகவும் ஏற்றது என்று பரிந்துரைக்கிறார்கள். தொடக்கத்தில் அருள்பணியாளர் ஒரு சொல்லும் இல்லாமல் தரையில் குப்புற விழுந்து கிடப்பதும், முடிவில் எல்லாரும் மௌனமாகக் கலைந்து போவதும் உண்மையிலேயே வலிமையானவை. ஆனால் அண்மையில் மருத்துவமனையில் ஒருவரின் இறுதி மணி நேரங்களை அருகிலிருந்து பார்த்தவருக்கு யோவானின் பாடுகளின் வரலாறு முழுவதையும் நின்று கேட்பது பாரமாக இருக்கக்கூடும். அவரவர் நிலை பார்த்து முடிவு செய்ய வேண்டியது. புனித சனிக்கிழமை பகலில் திருப்பலியே கிடையாது. திருப்பீடம் வெறுமையாக இருக்கிறது. திருஅவை கல்லறையின் அருகில் காத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பகலில் கொஞ்ச நேரம் ஆலயத்துக்குள் போய் உட்கார்ந்து பாருங்கள். எதுவும் நடக்காத நாள் ஒன்றைத் திருஅவை தன் நாள்காட்டியின் மிகப் புனிதமான இடத்தில் வைத்திருக்கிறது என்பது, அடக்கத்துக்கு மறுநாள் என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் உரியது.

இனி, ஞாயிறு காலைத் திருப்பலியை ஏன் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். அங்கே வாசிக்கப்படும் நற்செய்தி யோவான் 20-ஆம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்கள். மகதலா மரியா வருகிறார், ஓடுகிறார், பேதுருவும் மற்றச் சீடரும் ஓடுகிறார்கள், மடித்து வைத்த துணிகள், வெறுமையான கல்லறை. மரியா கல்லறைக்கு வெளியே நின்று அழுவதும், இயேசுவைத் தோட்டக்காரர் என்று எண்ணி அவரிடமே அவருடைய உடலைக் கேட்பதும், தம் பெயர் சொல்லி அழைக்கப்பட்டபோது அவரை அறிந்துகொள்வதும் அதற்குப் பின்னால் வருகின்றன. அந்தப் பகுதி, உயிர்ப்பு ஞாயிறில் தொடங்கும் எட்டு நாள்களான பாஸ்கா எண்கிழமையின் செவ்வாய்க்கிழமை வாசிக்கப்படுகிறது. ஞாயிறன்று நிரம்பி வழிந்த ஆலயத்தில் செவ்வாயன்று எத்தனை பேர் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்ட அழுகின்ற பெண்ணின் கதை, அதைக் கேட்டாக வேண்டியவர்களில் பெரும்பாலானோர் இல்லாத நேரத்தில் வாசிக்கப்பட்டு முடிகிறது. மகதலா மரியாவின் நினைவுநாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் விழாவாக உயர்த்திய பிறகு ஜூலை 22 அன்றும் அது சிறப்போடு வாசிக்கப்படுகிறது. ஆனாலும் உயிர்ப்பின் வாரத்தில் அதைக் கேட்பது வேறு. ஆகவே ஞாயிறு காலைக்குப் போக முடியாதவர்கள் அதற்காக மனம் நொந்துகொள்ளாமல், செவ்வாய்க்கிழமைத் திருப்பலிக்குப் போகலாம். கூட்டம் இல்லை, ஆரவாரம் இல்லை, நற்செய்தியோ உங்களுக்கென்றே எழுதப்பட்டது.

பலர் கவனிக்காத இன்னொரு வாய்ப்பும் உண்டு. உயிர்ப்பு ஞாயிறு மாலையில் திருப்பலி நடந்தால், காலை நற்செய்திக்குப் பதிலாக இயேசுவின் சாவுக்குப் பிறகு எம்மாவு என்ற ஊருக்குப் போகும் சீடர் இருவரின் கதையை வாசிக்கலாம் என்று வாசக ஒழுங்கு அனுமதிக்கிறது. இஸ்ரயேலை மீட்கப்போகிறவர் இவரே என்று எதிர்பார்த்திருந்தோம் என்று கிளயோப்பாவும் உடன் நடந்தவரும் சொல்லும் அந்த ஒரு வரியில் எத்தனை வீடுகளின் பேச்சு அடங்கியிருக்கிறது! பிழைத்துவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தோம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்கு வந்துவிடுவார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவர்களை இயேசு உடனே திருப்பி அனுப்பவில்லை. அவர்கள் முழுக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு, தாம் யார் என்று காட்டிக்கொள்ளாமல், எருசலேமைவிட்டு விலகிப்போகும் திசையிலேயே அவர்களோடு நடந்தார். துயரத்தில் இருப்பவரோடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியாது.

உயிர்ப்பின் இரண்டாம் ஞாயிறன்று ஒவ்வோர் ஆண்டும், நம்பத் தயங்கிய சீடர் தோமாவைப் பற்றிய நற்செய்திப் பகுதி. உயிர்த்த உடலிலும் காயங்கள் இருக்கின்றன. தொட்டுப் பார்க்கும்படி அவரே நீட்டுகிறார். திரியில் பதித்த ஐந்து சாம்பிராணி மணிகளும் இந்தக் காயங்களையே சொல்கின்றன. நம் இழப்பு இல்லாததுபோல் ஆகிவிடும் என்று உயிர்ப்பு வாக்களிக்கவில்லை. இலாசர் பழைய வாழ்வுக்குத் திரும்பி வந்தார், ஆகவே மறுபடியும் இறந்திருப்பார். கிறிஸ்துவோ சாவு இனித் தொட முடியாத வாழ்வுக்குள் காயங்களோடு எழுந்தார், இறந்தோருள் முதற்கனியாக. அக்கா திரும்பி வருவார் என்று நான் காத்திருக்கவில்லை. அவர் இருக்கும் இடத்துக்கு ஆண்டவர் முன்னரே போயிருக்கிறார் என்று நம்புகிறேன். இந்த நம்பிக்கை எனக்கு ஒரே இரவில் வந்துவிடவில்லை. அது வளர ஐம்பது நாள்கள் தரப்பட்டிருக்கின்றன என்பதே பாஸ்கா காலத்தின் அருமை. ஆனால் பங்குகளில் தவக்காலத்தின் நாற்பது நாள்களுக்கு இருக்கும் ஏற்பாடுகளில் பாதிகூட இந்த ஐம்பது நாள்களுக்கு இருப்பதில்லை. இழவு கண்ட வீடுகளைச் சந்திக்க இதைவிடப் பொருத்தமான காலம் உண்டா? திரி எரிந்துகொண்டிருக்கும் அந்த வாரங்களிலேயே ஒரு நாள் மாலை அந்தக் குடும்பங்களை அழைத்து, இறந்தவர்களின் பெயர்களை அதன் முன் வாசித்தால் போதும்.

இழப்பின் முதல் ஆண்டில் திருவிழிப்புக்குப் போக முடிவு செய்தால், தனியே போகாதீர்கள். பேசிக்கொண்டே இருக்காத ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். பக்கவாட்டுக் கதவை ஒட்டிய இருக்கையில் உட்காருங்கள். நெருப்பும் திரியும் முடிந்து, வாசகங்களின் நடுவில் தாங்க முடியாமல் போனால் எழுந்து வந்துவிடலாம். அதற்குள்ளேயே அந்த இரவின் பெரும்பகுதியை நீங்கள் பெற்றுவிட்டிருப்பீர்கள். 2027-இல் உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 28 அன்று வருவதால், திருவிழிப்பு 27-ஆம் தேதி சனிக்கிழமை இரவு. அது மாற்கு நற்செய்தியின் ஆண்டு. எசாயா 54-ஐ வாசிக்கும்படி கேட்டுக்கொள்ள விரும்புகிறவர்கள் குருத்து ஞாயிறுக்கு முன்பே பங்குத்தந்தையைப் பார்த்துவிடுவது நல்லது. புனித வாரம் தொடங்கிவிட்டால் அவருக்கு உட்கார்ந்து கேட்க நேரம் இருக்காது.